ஏழு பெயர்கள்

“உங்கட வீட்டுக் கிணத்தில ஆர் ஆர் தண்ணி அள்ளுறவை, பிள்ளை?”

யோகாம்பாள் அன்ரி அன்றைக்குச் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். சாதியைக் கேட்காமலே சாதியைக் கேட்கும் கேள்வி அது. சுமித்ராவுக்குப் பதில் தெரியும். ஊரில் அவர்களுக்குக் கிணறே இருந்ததில்லை. பெரிய வீட்டுக் கிணற்றடியில் குடத்தோடு காத்து நின்று, யாராவது அள்ளி ஊற்றினால்தான் தண்ணீர். அதை எப்படிச் சொல்வது? தலைகுனிந்துகொண்டாள்.

“என்ன பிள்ளை, வாய்க்குள்ள கொழுக்கட்டையோ?” என்றார் அன்ரி.

அந்தக் கேள்விக்கு அப்பா வேறொரு பதிலைத் தயார் செய்தார். 1987இல் இந்தக் குளிர்தேசத்துப் பீல் நகரத்துக்கு அகதியாய் வந்து சேர்ந்தவர்களில் அவர்களுடைய ஊரார் ஒருவரும் இல்லை. யாருடைய பூட்டன் யார் என்று யாருக்குத் தெரியப்போகிறது? அன்ரியின் கணவர் இராஜசிங்கம், ஒல்லாந்தர் காலத்து முதலியார் ஒருவரின் வழிவந்தவர்களுக்கென்று ஒரு சங்கம் நடத்தினார். அதில் சேர்ந்துவிட்டால் அவருடைய தங்கை மகன் சிறீதரனுக்குச் சுமித்ராவைக் கட்டிவைப்பதாகப் பேச்சு. சிறீதரனை அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் சேருகிறவர் ஏழு தலைமுறைப் பெயர்களைச் சபையில் சொல்லவேண்டும்.

அப்பா தியாகலிங்கம் ஹோட்டலில் சட்டி கழுவிவிட்டு வந்து, ஒரு மாதமாக ஏழு பொய்ப் பெயர்களைப் பாடமாக்கினார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட சுமித்ராதான் பிழை திருத்தினாள். பிடிபட்டால் கல்யாணம் மட்டுமா போகும்? பீலில் ஒருவரும் அவர்கள் கையால் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கமாட்டார்கள்.

கார்த்திகை மாதத்து ஞாயிறு. மத்தியானம் மூன்று மணிக்கே ஏரியிலிருந்து எழுந்த பனிமூட்டம் தெருவிளக்குகளை விழுங்கியிருந்தது. தேவாலயத்துக்குக் கீழே வாடகைக்கு எடுத்த நிலவறை மண்டபத்தில் ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாசமும், தரை மெழுகின் வாசமும், கற்பூரமும் கலந்து கிடக்க, அவை எல்லாவற்றுக்கும் அடியில் வேறொரு வாடை, பெட்டிக்குள் நெடுங்காலம் பூட்டிக் கிடந்த பட்டின் வாடை, விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. சுவரில் முதலியாரின் பெரிய படம். நீளக் கோட்டு, தங்கச் சங்கிலி. படத்தின் கீழே ஒரு வெறும் நாற்காலி. எதிரே இராஜசிங்கமும் அன்ரியும் உட்படப் பன்னிரண்டு பேர். சுமித்ரா கதவோரம் நின்றாள்.

“வாரும் தியாகலிங்கம்!” என்றார் இராஜசிங்கம். “சட்டி கழுவுற கை எண்டாலும் உள்ளுக்க ஓடுறது முதலியார் ரத்தமல்லோ!”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். இராஜசிங்கம் அவர் தோளில் வெள்ளைச் சால்வையைப் போட்டார்.

“ஒவ்வொரு பேராச் சொல்லும். நாங்கள் ஓம் எண்டு ஒப்புக்கொள்ளுவம். முடிய அந்தக் கதிரையில இரும்.”

அப்பா தொண்டையைச் செருமினார். “என்ர தகப்பன் கந்தையாபிள்ளை.”

“ஓம்,” என்றார்கள் பன்னிரண்டு பேரும். அது அடங்கிய பிறகு இன்னொரு ‘ஓம்’ கேட்டது. தாழ்ந்த குரல். வாய் நிறைய வெற்றிலையோடு சொன்னதுபோல. படத்தின் பக்கமிருந்து.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பாடமாக்கியதில் அடுத்தது வேலாயுதபிள்ளை. சுமித்ராவின் உதடுகள் அந்தப் பெயரைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டன.

“வேலன்,” என்றார் அப்பா.

அது உண்மைப் பெயர். பிள்ளை, தம்பி என்று நீட்டிப் பெயர் வைக்க விடாத ஊரில், அப்பாவின் பாட்டனுக்கு இருந்த பெயர். போச்சு. எல்லாம் போச்சு. பயத்தோடு சபையைப் பார்த்தாள். ஒருவரும் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. பன்னிரண்டு வாய்களும் மூடியிருந்தன. அன்ரியின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது.

“ஓம்.” இம்முறை அந்த ஒரு குரல் மட்டும்.

“சின்னான்.”

“ஓம்.”

“வைரவன்.”

நாலாவது பெயரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. அப்பாவுக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. அவருடைய கண்கள் மிரண்டு அங்குமிங்கும் ஓடின. வாய் மட்டும் தன்பாட்டில் அசைந்தது.

ஐந்தாவது பெயர். அப்பாவின் கை எழுந்து தோளிலிருந்த சால்வையை இழுத்தது. மடித்தது. அக்குளுக்குள் செருகியது.

ஆறாவது. காலிலிருந்த சப்பாத்துகளைக் கழற்றினார். முதுகு வளைந்தது. இன்னும் வளைந்தது.

ஏழாவது.

“ஓம்.”

அதுவரை கேட்டுக்கொண்டிருந்த அறைச் சூடாக்கியின் டக் டக் சத்தம் நின்றது. பட்டு வாடை மூக்கை அடைத்தது. யாரோ உட்கார்ந்ததுபோல வெறும் நாற்காலி முனகியது.

“ஆரடா அந்தப் பெட்டை?” என்றது அந்த வெற்றிலைக் குரல்.

சொல்லாதேங்கோ அப்பா. சொல்லாதேங்கோ. நெஞ்சு கத்தியது.

அப்பா தரையைப் பார்த்தபடி, கைகட்டி, ஊரில் பெரிய வீட்டு வாசலில் அவருடைய தகப்பன் தன் பிள்ளைகளைக் காட்டி எசமானுக்குச் சொன்ன சொல்லைச் சொன்னார்.

“உங்கடதான், நயினார்.”

பன்னிரண்டு தலைகளும் ஒன்றாகச் சுமித்ராவின் பக்கம் திரும்பின. அவளுடைய கால்கள் தரையோடு ஒட்டியிருந்தன. அப்பா அவளைக் கடந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்காலிக்கு முதுகைக் காட்டாமல், வெறுங்காலோடு, பின்பக்கமாகவே படிகளில் ஏறி, பனிக்குள் போனார்.