பிணைத்த நூல்

போர்வையின் சிவப்புத் துண்டோடு தையலை நிறுத்தியிருந்தாள் துளசி. அதில் சந்தேகமே இல்லை. குழந்தை அழவும் ஊசியை அங்கேயே குத்திவிட்டு எழுந்தாள். பால் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், தையல் பக்கத்து மஞ்சள் துண்டில் பாதி தூரம் ஓடியிருந்தது.

மாமியார் தில்லையம்மாள் தைத்திருக்க முடியாது. காலையிலேயே ஓரிக்கை பக்கம் போய்விட்டாள்; வீட்டில் இருந்தாலும் கண்புரை, ஊசியில் நூல் கோர்க்கவே மருமகளைத்தான் கூப்பிடுவாள். கணவன் கதிர்வேல் ஸ்ரீபெரும்புதூருக்கு வேலைக்குப் போயிருந்தான். தூக்கக் கலக்கத்தில் நானேதான் தைத்திருப்பேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அது கதிர்வேல் வீட்டுப் போர்வை. பழைய பருத்திப் புடவைகளை அடுக்கி, மேலே பட்டுத் துண்டுகளை ஒட்டுப் போட்டுத் தைத்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அதில்தான் படுத்து வளர்ந்தார்கள். நாளைக்குக் குழந்தைக்குப் பேர் வைக்கிறார்கள். போர்வை கிழிசலாக இருந்தால் சொந்தக்காரர்கள் முன்னால் மாமியார் மானத்தை வாங்கிவிடுவாள்.

"பழைய நூல மொத்தமா உருவிப் போட்டுட்டு புதுசா தை. ஒரு இழை கூட நிக்கக் கூடாது. உங்கம்மா வூட்டு சாமர்த்தியத்த எல்லாம் இங்க காட்டாத" என்று காலையில் கத்திவிட்டுத்தான் ஓரிக்கைக்குக் கிளம்பினாள்.

அம்மா வீட்டு சாமர்த்தியமாம்! துளசிக்குச் சுருக்கென்றது. அவள் அம்மா பாவு பிணைக்கிறவள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை தீரும்போது, பழைய இழையின் நுனியோடு புது இழையை வைத்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்த்துவிடுவாள். பழைய இழையை உருவி எறிவது அந்த வீட்டில் பாவம். துளசியின் விரலும் அப்படியே பழகியது. போர்வையில் அறுந்து தொங்கிய கறுப்பு நூலோடு புது நூலை வைத்து, சாம்பல் தொட்டு ஒரு முறுக்கு. சேர்ந்த இடமே தெரியவில்லை. கிழவிக்கு எங்கே தெரியப்போகிறது என்று சிரித்துக்கொண்டாள்.

குழந்தையைப் பாயில் போட்டால் சிணுங்கினான். ஊசியை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் போர்வையில் போட்டதும் தூங்கிப்போனான். அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், மழை வருகிறதென்று கொல்லைக் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்க ஓடினாள்.

பட்டப்பகலிலேயே மேகம் கவிந்து கூடமெல்லாம் மங்கிப்போய், ஈர மண் வாசனையும் பக்கத்து வீட்டுச் சாயத்தின் கார நெடியும் கலந்து மூக்கில் ஏற, கரண்ட் போனதும் தெருவில் இருந்த விசைத்தறி ஒன்றும் மூச்சடங்கி நிற்க, அந்த அமைதிக்குள் மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டது. துணியைத் துளைக்கும் ஊசி. பின்னாலேயே நூல் இழுபடும் சரசரப்பு.

கொல்லையிலிருந்தே எட்டிப் பார்த்தாள்; மங்கலில், தூங்கும் குழந்தையைத் தவிர கூடத்தில் யாரும் இல்லை.

இடுப்பில் செருகியிருந்த செல் அடித்தது. மாமியார்.

"நூல உருவிட்டியா?"

"இல்ல அத்தே... நல்லா இருந்துது, புதுசோட பிணைச்சி வுட்டேன்."

பஸ் இரைச்சலுக்கு மேலே மாமியார் அலறினாள்.

"அடிப்பாவி! கொயந்த எங்கடி?"

"அது மேலதான் தூங்கிக்கினு இருக்கறான்."

"தூக்குடி! மொதல்ல தூக்குடி! அந்த நூலுக்கு எங்க நிக்கணும்னு தெரியாதுடி!"

துணிகளைப் போட்டுவிட்டு ஓடினாள்.

தையல் மஞ்சளைத் தாண்டியிருந்தது. பச்சையைத் தாண்டியிருந்தது. குழந்தையைச் சுற்றி வளைத்து, சட்டை ஓரத்தில் ஏறியிருந்தது. ஊசி தானாக முங்கியது. எழுந்தது. முங்கியது.

அள்ளித் தூக்கினாள். போர்வையும் சேர்ந்து வந்தது.

கத்திரிக்கோல். எங்கே? ஐயோ, எங்கே வைத்தேன்? ஜன்னலில் இருந்தது. எட்டி எடுத்து நறுக்கினாள். நூல் அறுந்தது. போர்வை காலடியில் விழுந்தது.

பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை சாமி, ஒன்றும் ஆகவில்லை.

அவன் அழவில்லை. கண் திறந்திருந்தது. அவளையே பார்த்தது.

சாம்பல் வாசனை.

குனிந்தாள். மூன்று மாதப் பிள்ளையின் விரல் நுனியெல்லாம் சாம்பல். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அறுந்த கறுப்பு நூலின் முனை. கூடவே அவள் முந்தானையில் பிரிந்து தொங்கிய ஒரு இழை. இரண்டையும் ஒன்றாக வைத்து, அவசரமே இல்லாமல், அவள் அம்மா முறுக்குகிற மாதிரியே அது முறுக்கிக்கொண்டிருந்தது.