ஓடத்தில் ஆளில்லாத கொடி

அந்தி மங்கிக் கீழ்வானில் முழுமதி எழுந்துவிட்ட அவ்வேளையில், நெய்தல்வாயிற் பட்டினத்தின் முகத்துவாரத்திலே, ஆற்றுநீரும் கடல்நீரும் கைகோக்கும் இடமெங்கும் நிலவொளி நிலைகொள்ளாமல் அலைந்துகொண்டிருந்தது. கொடிமாடத்தில் தனியே நின்ற பூதிநங்கைக்கு அந்த அழகு எரிச்சலையே மூட்டியது. ஏழாண்டுகளாக ஒருவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணிடம் நிலவை வருணித்துப் பாருங்கள் வாசகர்களே, என்ன மரியாதை கிடைக்கிறதென்று தெரியும்!

மறைந்த நகரத்தலைவரின் மகள் அவள். துறைமுகத்தை அடைத்துக் கிடந்த இரும்புச் சங்கிலியின் திறவுகோல் அவள் இடையில் இருந்தது. அப்பால், பகையரசன் கருங்கோட்டரையனின் போர்க்கலங்கள் நின்றன. சங்கிலி தளர்ந்தால் விடிவதற்குள் ஊர் சாம்பலாகிவிடும்.

காவலன் எயினன் மூச்சிரைக்கப் படியேறி வந்தான். "அம்மணி! கட்டுமரத்தில் ஒருவர் தனியே வந்திருக்கிறார். தம்மைக் கண்டன் சாத்தனார் என்கிறார்!"

கடலோடிப் போன அவளுடைய மணாளன் பெயர் அது. எயினனைக் கீழே நிற்கச் சொல்லிவிட்டு, வந்தவனை மேலே வரவழைத்தாள். தாடி மண்டிய முகம். அதன் குறுக்கே ஆழ்ந்த வடு. உப்புக்காற்றில் கரகரத்துப்போன குரல். அவராக இருக்கலாம். இருக்க வேண்டும் என்று அவள் மனம் கெஞ்சியது.

"நங்கை, எனக்குப் பின்னால் நட்புக் கலங்கள் வருகின்றன. சங்கிலியைத் தளர்த்தச் சொல்."

"தளர்த்துகிறேன். அதற்கு முன், நம் கொடியைப் பற்றிச் சொல்லுங்கள். தங்கள் வாயால் கேட்டு நெடுநாளாயிற்று."

அவன் தயங்கவேயில்லை. "நீலம் நம் கடல். அடியிலுள்ள மஞ்சள் பட்டை நம் மணற்கரை. சங்கு, ஊர்ச்சபையின் குரல். நடுவிலுள்ள ஓடத்தில் ஆளைத் தீட்டுவதில்லை. கடலிலிருந்து திரும்பாதவர்களுக்காக அந்த இடத்தை ஊரே காத்து வைத்திருக்கிறது."

ஒரு சொல் பிழையில்லை! பூதிநங்கையின் கண்கள் நிறைந்தன. கை திறவுகோலைத் தொட்டது. அப்போது அவன் கொடியின் முன் மண்டியிட்டு, தலைதாழ்த்தி வணங்கினான்.

அவள் கை அப்படியே நின்றது.

அரசர்களின் கொடிக்குத்தான் மண்டியிடுவார்கள். இதுவோ ஊரார் நூற்று, ஊரார் தைத்த கொடி. கடலிலிருந்து மீண்டவன் இதன் விளிம்பைப் பற்றி முகத்து உப்பைத் துடைத்துக்கொள்வான், அவ்வளவே உபசாரம். இதை வணங்கியவன் இந்த ஊரில் பிறந்ததில்லை.

"யார் நீர்?" என்றாள். குரல் நடுங்கவில்லை.

வந்தவன் மெல்ல எழுந்து நின்றான். பின்னர், "கருங்கோட்டரையனின் இளவல், வீரசேகரன்" என்றான்.

"கொடியின் பொருளை உமக்குச் சொன்னது யார்?"

"சாத்தனார்தான். எங்கள் சிறையில் இருந்தார். நான் சிறையை மேற்பார்வையிடப் போகும்போதெல்லாம் இதையும் உங்களையும் பற்றியே பேசுவார். சென்ற மாரியில் காய்ச்சல் கண்டு..."

கீழே எயினனின் வேல் தரையில் தட்டும் ஓசை கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் போதும். இவன் தலை உருளும். பூதிநங்கை கேட்டது வேறு.

"கடைசியில் அவர் பக்கத்தில் யாரேனும் இருந்தார்களா?"

"நான் இருந்தேன், தேவி. என் மடியில்தான் உயிர் பிரிந்தது."

தனக்குக் கிடைக்காத அந்தக் கடைசி நாழிகை, பகைவன் ஒருவனுக்குக் கிடைத்துவிட்டதே என்று அவள் வயிறு எரிந்தது. அந்த எரிச்சலிலேயே ஒரு நன்றியும் இருந்தது.

"கடற்புறத்துச் சாளரத்தில் நூலேணி இருக்கிறது. போய்விடும். அவர் தனியே சாகாமல் பார்த்துக்கொண்டதற்காக இந்த ஒரு முறை. மறுமுறை உம் கலம் இந்தத் துறையை நெருங்கினால், என் கையாலேயே தீ வைப்பேன். இது ஆணை!"

அவன் இறங்கினான். கட்டுமரம் நிலவொளியில் சிறுத்து மறைந்தது. அதன் பிறகே அவள் எயினனை அழைத்தாள்.

"சங்கிலியை இன்னும் இறுக்கச் சொல்."

எயினன் சுற்றுமுற்றும் பார்த்தான். "அம்மணி, சாத்தனார் எங்கே?"

ஏழாண்டுகளாக ஊரில் எவர் சொன்னாலும் சீறி விழுந்தவள், அன்று தானே சொன்னாள்:

"அவர் வரமாட்டார், எயினா."