உச்சியில் ஒரு பெயர்

மோரீன் கோவால்ச்சுக் தன் காப்பிக் கோப்பையை அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் டேஜார்டனிடம் வந்தாள். வாட்டர்லூவில் எங்கள் அலுவலகத்தில் புரோகிராம்களின் கோளாறைக் கண்டுபிடிப்பவர் அவர். மணி மூன்று.

"நாலு மணிக்கு மேனேஜர் லோர்ன் என்னை வேலையை விட்டு அனுப்பப்போறார். என் புரோகிராம் காலையில எட்டு ஜிபி மெமரி வாங்குது. வேலை முடிஞ்சும் சிஸ்டத்துக்குத் திருப்பித் தர்றதில்ல. மத்த புரோகிராம் எல்லாம் இடமில்லாம நின்னுபோகுது. நான் எல்லாத்தையும் விடுவிச்சுட்டேன், சத்தியமா."

ஐம்பது வயதிலும் துள்ளல் அடங்காத உதவியாளர் வெண்டல் அவள் எழுதியதைப் படித்துப் பார்த்தார். "உண்மைதான். ஒரு துண்டுகூட பாக்கி வைக்கல."

டேஜார்டன் திரையில் ஒரு மாத மெமரி வரைபடத்தின் கோட்டைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை மட்டும் இறங்குதே."

"வாரக்கடைசின்னா அதுக்கும் வீட்டு நினைப்பு வந்துடும்போல," என்றார் வெண்டல். யாரும் சிரிக்கவில்லை.

மோரீன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றரை. தினமும் ஒருவர் அலுவலகத்துக்கு டோனட் வாங்கிவருவது எங்கள் பழக்கம்; சுவர்த் திரையில் 'நாளை டோனட் வாங்குபவர்: வெண்டல்' என்று வழக்கம்போல் ஓடியது. டேஜார்டனின் பார்வை அங்கேயே நின்றது.

"அந்தப் பேரை யார் தேர்ந்தெடுக்கிறது?"

"என் புரோகிராம்தான். காலையில தன் வேலை முடியற நேரத்துல குலுக்கிப் போட்டு, மறுநாள் காலை வரை வச்சிருக்கும்."

"சனிக்கிழமை லீவு, டோனட் கிடையாது. அதனால வெள்ளிக்கிழமை குலுக்கலும் கிடையாது, இல்லையா?"

அதற்குள் லோர்ன் கையில் கடிதத்தோடு வந்து நின்றார். எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது, இருக்கட்டும்.

"லோர்ன், உட்காருங்க," என்றார் டேஜார்டன். "இந்த புரோகிராம் மெமரியை மாடி மேல மாடியா வாங்குது. திருப்பித் தர்றது உச்சியிலிருந்துதான். மோரீன் எல்லா மாடியையும் காலி பண்ணிட்டா. ஆனா காலி பண்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, மொட்டை மாடியில ஒரு பேர் ஏறி உட்கார்ந்துக்குது. அது இறங்காம கீழே ஒரு மாடியும் சிஸ்டத்துக்குப் போகாது. எட்டு ஜிபியைப் பிடிச்சு வச்சிருக்கிறது ஒரு டோனட்."

"குலுக்கலை முதல்லயே போட்டு, பேரை அடி மாடியில உட்கார வச்சுட்டா?" என்ற வெண்டல், பதிலுக்குக் காத்திராமல் அந்த வரிகளைத் தொடக்கத்துக்கு நகர்த்தி ஓடவிட்டார். பத்து நிமிடம் ஓடியது. மோரீன் நகத்தைக் கடித்தாள். நான்கு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது கோடு சரிந்து தரையைத் தொட்டது.

"அந்தக் குலுக்கலை எழுதினது யாரு?" லோர்னின் குரல் சீறியது.

டேஜார்டன் திரையை அவர் பக்கம் திருப்பினார். எழுதியவர் பெயர் அதில் இருந்தது. லோர்ன் அதை இரண்டு முறை படித்தார். காது சிவந்துபோனது.

கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டார். பிறகு மோரீனின் மேஜைக்குப் போய், அட்டைப்பெட்டியிலிருந்து கோப்பையை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார்.

"நாளைக்கு டோனட் நான் வாங்கறேன்," என்றார்.