கியர் விழாத கார்

ஓடுகிற காரைத் திருடுகிறவன் திருடன். ஓடாத காரைத் திருடுகிறவனை என்னவென்று சொல்வது? மாசாய் காவல் நிலையத்தில் அந்த வெள்ளிக்கிழமை காலை எழுந்த முதல் கேள்வி இதுதான். கார்ப்பரல் சிரிப்பை அடக்கிக்கொண்டு புகாரை எழுதினார். புகார் கொடுத்த தேன்மொழிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஃபேக்டரி தொழிலாளர் விடுதி ஒன்றுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது அவள் தொழில். அன்றும் இருட்டோடு எழுந்து பின்பக்கச் சமையலறையில் சோறும் குழம்பும் ஆக்கி முடித்தாள். வெளிச்சம் வந்ததும் வாசல் கதவைத் திறந்தாள். போர்ச்சில் கார் இல்லை. தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. கேட் சாத்தியிருந்தது. பூட்டு உடையவில்லை, ஆனால் பூட்டியும் இல்லை. சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

பதினெட்டு வயதான கார் அது. கையால் கியர் போட்டு ஓட்டும் ரகம். போன மாதம் கியர்பாக்ஸ் படுத்துவிட்டது. தேன்மொழி தன் சங்கிலியை அடகு வைத்துப் பணத்தைக் கணவர் மகேஸ்வரனிடம் கொடுத்தாள். கெலாங் பாத்தாவில் தெரிந்த பட்டறை இருக்கிறது, அங்கே பழையதைப் புதுப்பித்த ரீகண்ட் சாமான் மலிவு என்று அவர்தான் காரைக் கொண்டுபோய் வேறு கியர்பாக்ஸ் மாட்டிக்கொண்டு வந்தார். மூன்றே வாரம். மறுபடியும் படுத்துவிட்டது. புதன்கிழமை சந்து முனையில் டோ லாரி என்கிற இழுவை லாரி இறக்கிவிட்ட காரை நாலு பேர் சேர்ந்து போர்ச்சுக்குள் மூக்கு முன்னால் போகத் தள்ளி நிறுத்தினார்கள்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து இரண்டாவது விடுதிக்கும் சாப்பாடு போக வேண்டும். வண்டி இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று விடுதி மேலாளர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். அந்த வருமானத்தை நம்பித்தான் சங்கிலியே அடகுக்கடைக்குப் போனது.

காலை ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் ஷர்மினி வந்தார். எதிரே இருப்பவர் பேசி முடித்த பின்னும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பது அவர் பழக்கம். அந்தச் சும்மாவைத் தாங்க முடியாமல் உளறியவர்கள் பலர்.

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"கேட் சாவியும் கார் சாவியும் என்கிட்ட ஒரு கொத்து, வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு, என் தம்பி ஹேமநாதன்கிட்ட ஒண்ணு. நேத்து பட்டறை தங்கராஜு அண்ணன்கிட்டயும் ஒண்ணு குடுத்தேன் மேடம். சனிக்கிழமை வந்து கியர்பாக்ஸ கழட்டிப் பாக்கறேன்னாரு."

"சத்தம் ஏதும் கேக்கலையா?"

"பின்னால காத்தாடி ஓடுது, ரெண்டு அடுப்பு எரியுது. என்னத்தக் கேக்கும்?"

ஷர்மினி சும்மா இருந்தார். தேன்மொழிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என் தம்பிதான் மேடம். இரும்புக்குப் போட்டுடு, இரும்புக்குப் போட்டுடுன்னு ஒரு மாசமா என்னை அரிச்சுக்கிட்டு இருந்தான். ஆளையும் பேசி வெச்சிருந்தான்."

ஹேமநாதன் அங்கேயேதான் நின்றான். வாடகைக் கார் ஓட்டுகிறவன், தன் காரில் அன்றைய சாப்பாட்டை ஏற்றிப்போக வந்திருந்தான். அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"விக்கச் சொன்னேன்கா. திருடுவேன்னா சொன்னேன்? மேடம், கியரே விழாத வண்டி. டோ லாரி இல்லாம எப்படிப் போகும்? லாரிக்காரனத் தேடுங்க லா."

அடுத்த வீட்டு ராஜம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். யாரும் கேட்காமலே அவர் சாட்சி சொன்னார்.

"டோ லாரி சத்தம்லாம் இல்ல. விடியக்காலையில யாரோ பிளண்டர் போட்டாங்க. வீய்ய்ய்னு ஒரே இரைச்சல். தேன்மொழிதான் சட்னி அரைக்குதுன்னு நெனச்சேன். அப்பறம் கொறைஞ்சு கொறைஞ்சு போயிடுச்சு."

"நான் இன்னிக்கு அரைக்கவே இல்லக்கா," என்றாள் தேன்மொழி. "நேத்து ராத்திரியே எல்லாம் அரைச்சாச்சு."

அது முட்டுச்சந்து. ஒரு கோடியில் பெரிய கால்வாய்ச் சுவர், மறு கோடியில் சாலை. இரண்டு பக்கமும் கார்கள் நெருக்கியடித்து நின்றன. ஷர்மினி ஒவ்வொரு காரின் பக்கக் கண்ணாடியையும் பார்த்துக்கொண்டே மெல்ல நடந்தார். ஒரு கீறல்கூட இல்லை. சந்து முனையில் ஜன்னத்துல் பிர்தௌஸின் ரொட்டிக் கடை இருந்தது. அதைத் தாண்டாமல் ஈகூட வெளியே போக முடியாது.

"டோ லாரியா? வந்திருந்தா என் கூரையப் பேத்துட்டுப் போயிருக்கும் மேடம்," என்றார் பிர்தௌஸ். "இருட்டோட கடையத் திறந்தவ, நகரவே இல்ல. மழை தூறுச்சு. பிளாஸ்டிக் திரைய இறக்கி விட்டிருந்தேன், ஆனா போறது வர்றது தெரியும்."

"யார் போனாங்க?"

"சிங்கப்பூருக்கு வேலைக்குப் போற மோட்டார் சைக்கிளுங்க நாலஞ்சு. நடந்து வந்தது இந்தச் சந்து டீச்சரம்மா மட்டும்தான். நாசி லெமாக் சோறு வாங்கிட்டுப் போனாங்க."

"கார் எதுவும் போகலையா?"

"வெளிய ஒண்ணும் போகல. உள்ளதான் ஒண்ணு வந்துச்சு. லைட்டு ரெண்டும் சந்துக்குள்ள அடிச்சுது. நான் ரொட்டியப் பொரட்டிக்கிட்டு இருந்தேன், யாருன்னு பாக்கல."

ஷர்மினி திரும்பிப் போய்ச் சந்தில் இருந்த எல்லா வீட்டுக் கதவையும் தட்டினார். அன்று காலை யார் வீட்டுக்கும் கார் வரவில்லை. யாருடைய காரும் வெளியே போய்த் திரும்பவும் இல்லை. கூடவே நடந்த கார்ப்பரல் தலையைச் சொறிந்தார். 

தங்கராஜுவின் பட்டறை இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஒரு லாரிக்கு அடியிலிருந்து அவர் வெளியே வந்தார். கழுத்தில் வலிக்கு ஒட்டும் பெரிய கோயோ பிளாஸ்டர் ஒன்று. தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினார்.

"கழுத்துல என்னண்ணே?"

"படுத்து வேலை செய்யற பொழப்பு மேடம். பிடிச்சுக்கிச்சு."

"அந்தக் காருக்கு என்ன கோளாறு?"

"முன்னுக்குப் போற கியரு ஒண்ணும் விழாது. நானே உக்காந்து பார்த்தேன். ஒரு அடி முன்னால நகராது." அவர் கையைத் துடைத்தார். "நல்ல ரீகண்ட் சாமான் இவ்வளவு சீக்கிரம் போகாது மேடம். வாரண்டி இருக்குமே, கழட்டிப் பார்த்துட்டு அந்தக் கெலாங் பாத்தா பட்டறைய ஒரு பிடி பிடிக்கலாம்னு தேன்மொழிகிட்ட சொன்னேன். வீட்டுக்காரரும் பக்கத்துலதான் இருந்தாரு."

"உங்களை விட்டுட்டு வேற பட்டறைக்குப் போனதுல கோவம் இல்லையா?"

"இருந்துச்சு. அதுக்காகக் காரைத் தூக்கிட்டுப் போவேனா? நாளைக்கு அது எப்படியும் என் கைக்குத்தான் வரப்போகுது."

மாலை நாலு மணிக்கு மகேஸ்வரன் வேலை முடிந்து வந்தார். பாசிர் கூடாங்கில் ஒரு கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறவர். சாதுவான மனிதர். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"விடு தேனு. பழைய காருதானே. போனது போகட்டும். இன்னிக்கு வேற ஒரே கன்டெய்னர் இறக்கறது. எதிர்ல என்ன இருக்குன்னே தெரியாத அளவுக்கு பெட்டி பெட்டியா அடுக்கி ஏத்தறானுங்க. உடம்பெல்லாம் வலி."

"காலையில நீங்க கிளம்பறப்ப கார் இருந்துச்சா?" என்று கேட்டார் ஷர்மினி.

"இருந்துச்சு மேடம். பார்த்தேன்."

"எப்படி வேலைக்குப் போனீங்க?"

"எப்பவும் போலத்தான். சந்து முனை வரைக்கும் நடந்து போய் ஃபேக்டரி பஸ் ஏறினேன்."

"கியர்பாக்ஸ் மாத்தின பட்டறை பேரு?"

"கூட்டாளியோட கடை. இப்ப பூட்டிக் கிடக்கு. ஊருக்குப் போயிட்டான்."

ஷர்மினி நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். கார்ப்பரலை அழைத்துக்கொண்டு சாலையோரமாக அடுத்த பஸ் நிறுத்தம் வரை நடந்தார். அதன் அருகே மூடிக்கிடந்த ஒரு கடைவரிசை. அதன் பின்பக்கம் போய்ப் பார்த்தார். பிறகு கார்ப்பரலைவிட்டு எல்லோரையும் அங்கே வரச் சொன்னார்.

கடைவரிசையின் பின்னால், இருபக்கமும் சாலைக்குத் திறந்த வழியில், உடைந்த மேசைகளுக்கும் லாலான் புல்லுக்கும் நடுவே தேன்மொழியின் கார் நின்றது. ஒரு சின்ன அடிகூடப் படவில்லை. தேன்மொழி ஓடிப்போய் அதன் கூரையில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள்.

"இது எப்படி மேடம் இங்க வந்துச்சு?" என்றான் ஹேமநாதன். "கியர்தான் விழாதே!"

"தங்கராஜு அண்ணன் சரியாத்தான் சொன்னாரு. முன்னுக்குப் போற கியர் ஒண்ணும் விழாதுன்னாரு. பின்னுக்குப் போற கியரைப் பத்தி அவர் பேசவே இல்ல. நாமதான் கார் செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணிட்டோம்."

தங்கராஜு நெற்றியில் அடித்துக்கொண்டார். "ரிவர்ஸ் விழும் மேடம். யாரும் கேக்கல, நானும் சொல்லல."

"ராஜம்மா கேட்டது பிளண்டர் இல்ல. பழைய கார் ரிவர்ஸ்ல ரொம்ப தூரம் போனா அந்த மாதிரிதான் இரையும். பிர்தௌஸ் அக்கா பார்த்தது உள்ள வந்த கார் இல்ல. வெளிய போன கார். பின்னாலயே போனதால முன் லைட்டு சந்துக்குள்ள அடிச்சுது. பிளாஸ்டிக் வழியா வெளிச்சம் மட்டும் தெரிஞ்சுது, கார் வருதுன்னு நெனச்சுக்கிட்டாங்க. உள்ள வந்த கார் யார் வீட்டுக்கும் வரல. காணாமப் போன கார் வெளிய போகல. ரெண்டும் ஒரே காருன்னா கணக்கு சரியாப் போகுது."

"ஓட்டினது யாரு?" என்று கேட்டாள் தேன்மொழி.

"தங்கராஜு அண்ணன் கழுத்தைப் பார்த்ததும் எனக்கும் சந்தேகம் வந்துச்சு. ஆனா அந்தச் சந்துல, இருட்டுல, மழையில, ரெண்டு பக்கமும் கார் நிக்கறப்ப, ஒரு கண்ணாடியிலகூட உரசாம பின்னாலயே ஓட்டணும். திரும்பிப் பார்த்தாலே கழுத்து பிடிக்கிறவரால முடியாது. தினமும் அதே வேலையா இருக்கற ஆளால முடியும். முன்னால பெட்டி மறைச்சா ஃபோர்க்லிப்ட்ட பின்னாலதான் ஓட்டுவாங்க."

எல்லோரும் மகேஸ்வரனைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

"அது சந்தேகம்தான். சாட்சி வேற," என்று அதே நிதானத்தில் தொடர்ந்தார் ஷர்மினி. "நடந்து போய் பஸ் ஏறினேன்னு சொன்னீங்க. பிர்தௌஸ் அக்கா கடையைத் தாண்டாம அந்தச் சந்துலேருந்து யாரும் வெளிய போக முடியாது. இன்னிக்குக் காலையில நடந்து போனது டீச்சரம்மா மட்டும்தான். நீங்க போகல. ஆனா வேலைக்குப் போயிட்டீங்க. காரும் வெளிய போகாமலே இங்க வந்துடுச்சு. நீங்க அந்தக் கார்ல இருந்தீங்க. இங்க விட்டுட்டு, இந்த நிறுத்தத்துல பஸ் ஏறினீங்க."

மகேஸ்வரன் மறுக்கவில்லை. "லைட்டைப் போடாம ஓட்ட மனசு வரல மேடம். மோட்டாருங்க பறக்கற நேரம்," என்றார், ஏதோ அதுதான் கேள்வி என்பது போல.

"கெலாங் பாத்தாவில கியர்பாக்ஸ் மாத்தவே இல்ல. அப்படித்தானே?"

"இல்ல மேடம். எண்ணெய் ஊத்தி, அங்க இங்க முடுக்கித் தந்தான் ஒருத்தன். உள்ள இருக்கறது பழசேதான். பணத்தை... ஒரு கூட்டாளி, ஒரே மாசத்துல ரெண்டு மடங்கா வரும்னான். வந்ததும் கியர்பாக்ஸும் வாங்கி, சங்கிலியையும் மீட்டுத் தந்துடலாம்னு இருந்தேன். அவன் ஃபோனே இப்ப அடிக்க மாட்டேங்குது. நாளைக்கு அண்ணன் கழட்டினா தெரிஞ்சுபோகும். அதான்..."

தேன்மொழி காரிலிருந்து கையை எடுத்தாள்.

"பணம் போனது போகட்டும்ங்க. காணோம்னு நான் அழுதப்ப பக்கத்துல உக்காந்து தோளைத் தட்டிக் குடுத்தீங்களே. என் தம்பிய நான் திருடன்னு சொன்னது அண்டை வீடெல்லாம் கேட்டுச்சு. எங்கிட்ட நேரா வந்து பணம் போச்சு தேனுன்னு சொல்லியிருக்கலாமே. நான் என்ன உங்களைக் கொன்னா போட்டிருப்பேன்?"

 கார்ப்பரல்கூட இப்போது சிரிக்கவில்லை.

"கார் உங்க பேர்ல இருக்கு," என்றார் ஷர்மினி. "மேல கொண்டு போகணுமா, இதோட விட்டுடணுமா? நீங்க சொல்லுங்க. கார் கிடைச்சிடுச்சுன்னு எழுதி முடிக்க என்னால முடியும்."

"முடிச்சிடுங்க மேடம்."

பிறகு அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். அவன் கண்ணைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. "தம்பி, திங்கக்கிழமை சாப்பாட்டுக்கு..."

"வண்டி வரும்கா. அதெல்லாம் கேக்கணுமா?" என்றான் ஹேமநாதன். கோபம் இன்னும் முகத்தில் இருந்தது. ஆனாலும் வார்த்தை உடனே வந்தது.

தங்கராஜு தொண்டையைக் கனைத்தார். "பழசையே இறக்கிப் பாக்கறேன்மா. உள்ள முறிஞ்சது சின்னதா இருந்தா, அதை மட்டும் மாத்திப் பாக்கலாம். நாளைக்குக் காலையில வர்றேன். அதுக்குள்ள வண்டிய வீட்டுக்குத் தள்ளிட்டுப் போகணுமே."

"தள்ள வேணாம்ணே." தேன்மொழி கணவரிடம் கையை நீட்டிச் சாவிக்கொத்தை வாங்கினாள். உட்கார்ந்து இன்ஜினை முடுக்கினாள். ரிவர்ஸ் உறுமிக்கொண்டு விழுந்தது. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள்.

ஷர்மினி பார்வையைச் சாலைக்குத் திருப்பினார். "கார்ப்பரல், போய் வண்டிகளை நிறுத்துங்க," என்று மட்டும் சொன்னார்.

கார் அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்ந்தது. மகேஸ்வரன் வழியை விலக்கிக்கொண்டு கூடவே நடந்தார். சந்தே வாசலில் நின்று பார்த்தது. கார் எப்படிக் காணாமல் போனது என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. இரண்டு இடத்தில் நின்று, ஒரு பூந்தொட்டியை உடைத்து, கடைசியில் கார் போர்ச்சுக்குள் போய்ச் சேர்ந்தது.

தேன்மொழி இறங்கினாள்.  மகேஸ்வரன் கேட்டுக்கு வெளியே தயங்கி நின்றார்.

"நாளைக்கு லீவு போடுங்க," என்றாள் அவள். "அண்ணன் கழட்டறப்ப நீங்க பக்கத்துல நிக்கணும். ராஜம்மா அக்கா கேப்பாங்க, டீச்சரம்மா கேப்பாங்க. என்ன நடந்துச்சுன்னு அவங்களுக்கு நீங்களே உங்க வாயால சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

"சொல்றேன் தேனு."

"சொல்லி முடிச்சிட்டு உள்ள வாங்க. அப்பறம் நாம பேசலாம்."

அவள் சமையலறைக்குப் போய் நாளைய அரிசியை அளக்கத் தொடங்கினாள்.  மகேஸ்வரன் திரும்பி, பக்கத்து வீட்டுக் கேட்டின் முன் போய் நின்று, "ராஜம்மாக்கா, ஒரு நிமிஷம்," என்று கூப்பிட்டார்.