மார்பில் விழும் ஓசை

காலை 9.10.

நாதியா அலமாரியைத் திறந்தாள். இரண்டாம் தட்டு காலியாக இருந்தது. பூட்டு உடையவில்லை. மற்ற தட்டுகளில் ஒரு தாள்கூடக் கலையவில்லை.

அவள் கத்தவில்லை. கதவை ஓங்கிச் சாத்தினாள். அந்தச் சத்தம் தாழ்வாரத்தின் கடைசி வரை போனது.

காரைக்குடியின் அந்தக் கல்லூரியில் ஆங்கிலத் துறைக்கு ஒரே ஓர் ஆய்வாளர் அறைதான். அதிலிருந்து இரண்டு பொருள்கள் போயிருந்தன. கைக்கு அடக்கமான ஓர் ஒலிப்பதிவுக் கருவி. நீல அட்டை போட்ட ஒரு நோட்டு. ஐந்து வருட ஆய்வை ஒப்படைக்க அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. இனி நீட்டிப்பு கிடையாது. நான்காம் அத்தியாயத்துடன் கருவியில் இருந்த பதிவு இணைக்கப்படாவிட்டால் ஆய்வேட்டை வாங்க மாட்டார்கள்.

காலை 10.05.

சப் இன்ஸ்பெக்டர் நாகவல்லி வந்தார். திருப்பத்தூர்க்காரர். ஒரு கேள்வி கேட்பார். பதில் வந்த பிறகும் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் எதிராளி இன்னும் கொஞ்சம் பேசுவார். "அம்மா கேள்வி கேட்டா பயமில்ல, கேக்காம இருந்தாத்தான் பயம்" என்பது அவருடைய ஸ்டேஷனில் வழங்கும் பேச்சு.

"எப்பப் பூட்டுன?"

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேடம்."

"பதிவுக்கு நகல் இல்லையா? போன்ல, கம்ப்யூட்டர்ல?"

"இல்ல. எதுலயும் ஏத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்துத்தான் வாங்கினேன். ஆய்வேட்டோட வெக்கிற ஒரு சீடித் தகட்டுக்கு மட்டும் அவுக சம்மதிச்சாக. அத இன்னைக்குத்தான் போடணும்னு இருந்தேன்."

"யாரு அவுக?"

"வலையபட்டி பொன்னழகு அக்கா. மார்ல அடிச்சு அழுது குடுத்தாக."

"உன் படிப்புக்கும் அழுகைக்கும் என்ன சம்பந்தம்?"

நாதியாவின் விரல்கள் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன. "பிளான்ஜென்ட்னு ஒரு இங்கிலீஷ் சொல்லு இருக்கு மேடம். ஓசையச் சொல்ற சொல்லு. அதுக்கு வேர் லத்தீன்ல. அடிக்கிறதுன்னு அர்த்தம். மார்ல அடிச்சுக்கிட்டு அழறதுன்னும் அர்த்தம். இங்கிலீஷுக்கு வந்து இருநூறு வருஷம் இருக்கும். மொதல்ல கரையில அலை மோதுற சத்தத்துக்குச் சொன்னாங்க. அப்புறம் மணி மாதிரி அதிர்ற ஓசைக்கு. அப்புறம் சோகமான ஓசைக்கு. இப்ப, கிதார் மெதுவா ஏங்கினாக்கூட அதைத்தான் எழுதுறாங்க."

நாகவல்லி குறிப்பேட்டை மூடினார். பிறகு கேட்டார்.

"அடி எங்க போச்சு?"

நாதியா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "அதான் மேடம் என் ஆய்வே. நீங்க இப்ப என்கிட்ட எழுதி வாங்கப் போறீங்களே கம்ப்ளெய்ன்ட், அந்தச் சொல்லுக்கும் அதே வேர்தான்."

"நெசமாவா?"

"நெசமா."

"பதிவ யாரு கேட்டிருக்கா?"

"யாருமே இல்ல. எங்க வெச்சுப் பதிஞ்சேன்னும் யார்கிட்டயும் சொல்லல. அதுவும் சத்தியம். நோட்டுல இருக்கு. ஆனா படிக்க முடியாது."

"ஏன்?"

"மதரஸாவுல படிச்ச அரபு எழுத்துல தமிழ எழுதியிருக்கேன். எங்க அத்தா துபாய்லேருந்து அப்படித்தான் கடிதம் போடுவாக. இந்தத் துறையில வேற யாருக்கும் அது வராது."

காலை 10.40.

அலுவலக உதவியாளர் செம்மலை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மாத்துச்சாவி எங்க இருக்கும்?"

"ஆபீஸ் பலகையில தொங்குமுங்க. இப்பவும் தொங்குது."

"நேத்து யாரு எடுத்தா?"

"எடுத்துட்டுத் திருப்பி மாட்டிட்டா எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன சாவிக்குத் தாலியா கட்டியிருக்கேன்?"

"அஞ்சு மணிக்கு மேல யார் யார் இருந்தீக?"

"நான், அஜித் தம்பி, ரோகிணி அம்மா. அவ்வளவுதான்."

அஜித் இன்னோர் ஆய்வாளர். நேற்று மதியம் நாதியாவோடு அவன் போட்ட சண்டையைத் துறை முழுவதும் கேட்டிருந்தது.

"எதுக்குச் சண்டை?"

"அந்தக் கருவிய ஒரு நாளைக்குக் கேட்டேன் மேடம். 'ஒன்கிட்ட குடுத்தா ரீல்ஸ் போட்டுருவ'ன்னா. எல்லார் முன்னாலயும். கோவம் வராதா?"

"வந்துச்சா?"

"வந்துச்சு. கத்துனேன். கோவம் வந்தா நான் கத்துவேன் மேடம், திருட மாட்டேன்."

"அதுல என்ன இருக்குன்னு தெரியுமா?"

"வயக்காட்டுப் பாட்டுன்னு நெனச்சேன். அழுகைன்னு காலையில அவ சொல்லித்தான் தெரியும்."

நாகவல்லி அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அஜித் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

காலை 11.15.

துறைத்தலைவர் ரோகிணிதான் நாதியாவின் வழிகாட்டி. அவருடைய மேசையில் காகிதங்கள் வரிசையாக இருந்தன. மேலே மதுரைக் கருத்தரங்கு ஒன்றின் அழைப்பிதழ். திங்கட்கிழமை. பேசுபவர் ரோகிணி. தலைப்பு: 'இனிய துயரம்: ஓர் ஓசைச் சொல்லின் பயணம்'.

"நீங்களும் அதே சொல்லப் பத்தித்தான் பேசுறீங்களா?"

"வழிகாட்டியும் மாணவியும் ஒரே துறையில இருக்கிறது சகஜம். சொல்லோட வரலாற்றை நான்தான் அவளுக்குத் திருத்திக் குடுத்தேன். பாவம், பொறுப்பில்லாத பொண்ணு. இவ்வளவு அருமையான ஒண்ண ஒரு தகர அலமாரியில வைப்பாங்களா?"

நாகவல்லி பேசவில்லை. மின்விசிறி சுற்றியது.

"அந்த அம்மா அவங்க வீட்டுக் கூடத்துல உக்காந்து அழுதிருக்காங்க. மூணு அடி, ஒரு நிறுத்தம், திரும்ப மூணு அடி. ஒவ்வொண்ணும் நாலு சுவர்லயும் பட்டுத் திரும்பி வரும். அலை மாதிரி. அந்த இனிமைதான் இந்தச் சொல்லோட இன்றைய பொருள். இதெல்லாம் போலீசுக்குப் புரியுமான்னு தெரியல."

"கொஞ்சம் புரியுது. நீங்க கேட்டிருக்கீங்களா?"

"இல்ல. நாதியா சொல்லியிருக்கா."

"சரிங்க" என்று நாகவல்லி எழுந்தார்.

மதியம் 12.20. வலையபட்டி.

பொன்னழகுக்கு ஐம்பத்திரண்டு வயது. பெரிய வீடுகளின் வரிசைக்குப் பின்தெருவில், இரண்டு அறை கொண்ட ஓட்டு வீடு. உள்ளே உட்கார்ந்து புளி நசுக்கிக்கொண்டிருந்தார். மூலையில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"நாதியாவுக்கு மார்ல அடிச்சு அழுது குடுத்தீகளாமே. அது எப்படி..."

"வாய மூடுங்க!"

இடிக்கிற கல் தரையில் விழுந்தது.

"வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு என்ன பேச்சு பேசுறீக? சாவு விழாத வீட்ல அதச் சொல்லலாமா? எம் பேத்தி தொட்டில்ல கெடக்கு. போலீசுன்னா எதுவும் பேசலாமோ? எந்திரிங்க. வெளிய வாங்க."

அவர் முன்னால் நடந்தார். தெருவைத் தாண்டி, கடைசி வீட்டையும் தாண்டி அங்குட்டுப் போனார். வெயில் கொதித்தது. ஊர் முடிந்த இடத்தில், எப்போதோ மூடிப்போன ஓர் அரிசி ஆலை இருந்தது. எந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாலு சுவரும் தகரக் கூரையும் மட்டும் மிச்சம். உள்ளே போன பிறகுதான் பொன்னழகு வாயைத் திறந்தார்.

"இங்கதான் அந்தப் புள்ளைக்குச் சொன்னேன். ஊருக்குத் தெரிஞ்சா, சாவு இல்லாம அழுதவன்னு வாசல்ல நிக்க விடமாட்டாக. அதான் யார்ட்டயும் சொல்லாதன்னு கேட்டுக்கிட்டேன்."

அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் கூரையில் பட்டுத் திரும்பியது. நாகவல்லி அண்ணாந்து பார்த்தார்.

"யாருக்காக அழுதீக?"

"எம் மகளுக்கு. ஸ்டவ் வெடிச்சுச்சுன்னு எழுதிட்டாக. ஸ்டவ்வாம்! அந்த வீட்ல ஸ்டவ்வே கெடையாது. எங்க தெருவுல எல்லாரும் ரெண்டடிதான் அடிப்பாக. நான் இங்க மூணு அடிச்சேன். மொத அடி எம் மகளுக்கு. ரெண்டாவது அவளக் கொன்னவனுக்கு."

"மூணாவது?"

"ஸ்டேஷன் வாசல்ல மார்ல அடிச்சுக்கிட்டு நின்னேன். ஏறிட்டுக்கூடப் பாக்கல. 'சத்தம் போடாம எழுதிக் கொண்டா'ன்னாக. எனக்கு எழுதத் தெரியாது. மூணாவது அடி அவுகளுக்கு."

நாகவல்லி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். அந்த ஸ்டேஷன் அவருடையதல்ல. அந்தச் சொற்கள் அவருடையவை. இருபது வருடத்தில் எத்தனை பெண்களிடம் அவற்றைச் சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தார். எண்ண முடியவில்லை. வெகுநேரம் இருவரும் பேசவில்லை. அந்த மௌனத்தில் இந்தமுறை தவித்தவர் நாகவல்லிதான்.

மதியம் 2.50.

ரோகிணியின் அறை. நாதியாவும் அஜித்தும் நின்றார்கள். நாகவல்லி உட்காரவில்லை.

"சாவியை வெச்சு யாரையும் பிடிக்க முடியாது. மூணு பேருமே எடுத்திருக்கலாம். அதனால நான் பேச்சத்தான் பாத்தேன். அஜித்துக்குப் பதிவுல என்ன இருக்குன்னே தெரியல. வயக்காட்டுப் பாட்டுன்னு நெனச்சிருக்கான். செம்மலைக்குச் சாவிதான் தெரியும். உங்களுக்கு மட்டும் எத்தன அடின்னு தெரியுது."

"நாதியா சொன்னான்னு சொன்னேனே."

"நாதியா, சொன்னியா?"

"ஒரு வார்த்தைகூடச் சொல்லல. அத்தியாயத்துலயும் அடிக் கணக்கு எழுதல, பதிவே பேசட்டும்னு விட்டுட்டேன்."

"பொய் சொல்றா" என்றார் ரோகிணி.

"அவ சொல்லியிருந்தா அது வீட்டுக் கூடம்னு சொல்லியிருக்க மாட்டா மேடம். ஏன்னா அது வீடே இல்ல. எந்த இடம்னு உங்களுக்கு இப்பவும் சொல்லப் போறதில்ல. ஆனா சாவு விழாத வீட்டுக்குள்ள அந்த ஊர்ப் பொம்பளைங்க மார்ல அடிக்க மாட்டாக. பேசவே விடமாட்டாக. எனக்குத் திட்டு விழுந்துச்சு."

"எதிரொலிய நான் ஊகிச்சேன். அதுல என்ன தப்பு?"

"ஊகிக்கிறவங்க கூடம்னு ஊகிக்கலாம், எதிரொலின்னும் ஊகிக்கலாம். மூணு அடின்னு ஊகிக்க முடியாது. ஊர் வழக்கம் ரெண்டுதான். மூணு அடிச்சது அந்த அம்மா மட்டும்தான், அந்தப் பதிவுல மட்டும்தான். அதக் காதால கேட்டிருக்கணும்." நாகவல்லி ஒரு விரலை நீட்டினார். "கேட்டவங்களுக்கு எதிரொலி தெரியும். கேக்க மட்டும் செஞ்சவங்களுக்கு இடம் தெரியாது. இவ்வளவு அதிருதே, தூண் வெச்ச பெரிய கூடமாத்தான் இருக்கும்னு நெனச்சிட்டீங்க. அந்த அம்மாவோட வீட்டக் கண்ணால பாத்திருந்தா அப்படி நெனச்சிருக்க மாட்டீங்க. ரெண்டு பேர் சேந்து படுத்தா எடம் பத்தாது. நோட்டுல இடம் எழுதியிருக்கு. நோட்டும் உங்ககிட்டதான் இருக்கு. அரபு எழுத்து, படிக்க முடியல."

மௌனம். நாகவல்லி அதைக் கலைக்கவில்லை. ரோகிணி அழைப்பிதழைக் கவிழ்த்து வைத்தார். பேனாவை நகர்த்தினார். கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம் ஆனது.

பிறகு தனக்குப் பின்னால் இருந்த பீரோவைத் திறந்தார். கருவியும் நீல நோட்டும் ஒரு துணிப்பையில் இருந்தன.

"பத்திரமா இருக்கட்டும்னுதான் எடுத்து வெச்சேன். திங்கக்கிழமை முடிஞ்சதும் குடுத்திருப்பேன்."

"இன்னைக்கு அஞ்சு மணியோட என் அஞ்சு வருஷம் போயிருக்கும்!" நாதியாவின் குரல் உடையவில்லை. உயர்ந்தது. "நீங்க அதை மேடையில போட்டு, கேக்க எவ்வளவு இனிமைன்னு சொல்லியிருப்பீங்க. இனிமையா? அவுக மக எரிஞ்சு செத்தா மேடம். அது உங்களுக்கு இனிமையா?"

"குரலைத் தாழ்த்து நாதியா."

"மாட்டேன்."

மாலை 4.40.

நாகவல்லியின் கண்முன்னே தகட்டில் பதிவு ஏறியது. அதன் பிறகுதான் கருவியைச் சான்றுப் பொருளாக அவர் வாங்கிக்கொண்டார். ஆய்வேடு அலுவலகத்தில் முத்திரை வாங்கியது. நாதியா திரும்பி வந்தபோது தாழ்வாரத்தில் முதல்வர் நின்றிருந்தார்.

"பொருள் கிடைச்சாச்சு, ஆய்வேடும் ஏறிடுச்சு. இதோட விட்டுடலாமே. கல்லூரி பேர் கெடும். சத்தமில்லாம முடிச்சுக்கலாம்."

நாதியா நாகவல்லியைப் பார்த்தாள்.

"என்னயப் பாக்காத. நீதான் சொல்லணும்."

"கம்ப்ளெய்ன்ட் எழுதுறேன் மேடம்."

முதல்வர் உள்ளே போய்விட்டார். அஜித் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காந்து எழுது. ரீல்ஸ் எடுக்கல, பயப்படாத" என்றான்.

நாகவல்லி மூன்று வெள்ளைத் தாள்களை எடுத்தார். இடையில் இரண்டு கார்பன் தாள்களைச் செருகினார். விளிம்பைத் தட்டிச் சரிசெய்தார்.

"ஒண்ணு கோர்ட்டுக்கு. ஒண்ணு உனக்கு. மூணாவது என் ஸ்டேஷனுக்கு. இத முடிச்சிட்டு நாளைக்கு நாம வலையபட்டி போறோம். அந்த அம்மா சொல்லச் சொல்ல எழுதறதுக்கு ஒரு ஆள் வேணும்."

நாதியா பேனாவைத் திறந்து முதல் வரியைத் தொடங்கினாள். நாகவல்லி மேல்தாள்களைத் தூக்கிக் கடைசித் தாளைப் பார்த்தார். மங்கலாக இருந்தது.

"பத்தல. மூணாவது தாள் வரைக்கும் விழணும். அழுத்தி எழுதும்மா."