பின்டயரில் ஒட்டிய பூ

புதுப்பட்டினத்தில் வண்டியை எடுக்கும்போது வெயில் இன்னும் சாயவில்லை. பின்சீட்டில் ரேணுகா பிரசவ வலியில் சுருண்டு கிடந்தாள். ஏற்கனவே வயிற்றிலேயே பிள்ளையைப் பறிகொடுத்தவள். இதுவாவது தங்க வேண்டும். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று, அவள் புருஷன் ஆனந்தன், வாடகைக்கு ஓட்டும் தன் காரை விரட்டினான்.

திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால் ஒரு சவ ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. ரோடெல்லாம் சாமந்தி. எந்த டிரைவரும் அந்தப் பூவை மிதிக்க மாட்டான். ஓரங்கட்டி, ஒதுங்கித்தான் போவான். ஆனந்தன் ஒதுங்கவில்லை. ஹாரனை அடித்துக்கொண்டே பூவின் மேல் ஏற்றிப் போனான்.

கொஞ்ச தூரத்தில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது. டயரில் காற்று குறைந்தால் எரியும் விளக்கு. பின்பக்கம், இடது டயர் என்று காட்டியது. நடுவழியில் டயர் படுத்துவிட்டால் எல்லாம் போச்சு. வழியில் தெரிந்த பஞ்சர் கடையில் நிறுத்தினான்.

கடைக்கார ஸ்டான்லி குனிந்து காற்றை அளந்தான்.

"காத்து ஃபுல்லா கீது அண்ணாத்த. உன் விளக்குதான் பேஜாரு பண்ணுது."

சொல்லிக்கொண்டே டயர் இடுக்கில் ஒட்டியிருந்ததை எடுக்கப் போனவன், கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். நசுங்கிய சாமந்தி.

"சாவுப் பூ மேல ஏத்திக்கினா வந்த? இரு, தண்ணி ஊத்தறேன். கழுவாம போவாத."

"அவ கத்துறது உன் காதுல வுழல? பூவாம், புண்ணாக்காம்! தள்ளுய்யா!"

விளக்கு எரிய எரியவே கிளம்பிவிட்டான்.

காற்று நிறைந்த டயர்தான். ஆனாலும் வண்டி இடதுபக்கம் சாய்ந்தே ஓடியது, பாரம் ஏற்றிய மாதிரி. ஏசிக் காற்றில் ஊதுபத்தி வாசம் வந்தது. அதற்கடியில் ஈரமண் வாசம்.

ரேணுகா கத்துவதை நிறுத்திவிட்டாள்.

"இன்னாய்யா..." என்று கிசுகிசுத்தாள். "கொஞ்சம் நவுந்து குந்தச் சொல்லு. என் கால் மேல குந்திக்கினு கீறாங்க."

கண்ணாடியில் பார்த்தான். பின்சீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

அவள் கால்மாட்டில் சீட்டு குழிந்திருந்தது.

குழி நகர்ந்தது. முழங்கால். தொடை. வயிற்றை நோக்கி.

நிறுத்திக் கழுவலாம் என்றால் தண்ணீர் இல்லை, நேரமும் இல்லை. அழுகையோடு ஓட்டிக்கொண்டே கெஞ்சினான்.

"யாரா இருந்தாலும் சரி, தப்பு பண்ணது நானு. அவங்க ரெண்டு பேரையும் வுட்டுரு. என் மேல ஏறிக்கோ. நான் சொமக்கிறேன்."

சீட்டில் இருந்த குழி மெல்ல மேலெழும்பி மறைந்தது.

விளக்கு அணைந்தது.

ஆஸ்பத்திரியில் ரேணுகாவை உள்ளே கொண்டுபோனதும் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். பொழுது சாயும் நேரத்தில் உள்ளே பிள்ளை வீறிட்டு அழுதது. எழுந்து கதவருகே ஓடினான்.

நர்ஸ் ஜெயப்பிரியா துணியில் சுற்றி எடுத்துவந்தாள்.

"பொண்ணு பொறந்துகீது. ரெண்டு பேரும் நல்லாக் கீறாங்க. புடி, பஞ்சு மாதிரி கீறா."

இரண்டு கையையும் நீட்டி வாங்கினான்.

தோள்பட்டை இறங்கியது. முழங்கால் மடிந்து தரையில் மோதியது.

"இன்னாப்பா, இம்மாத்தூண்டு கொழந்தையத் தூக்க முடியல உனுக்கு?" என்று சிரித்தாள் நர்ஸ்.

குழந்தை கண்ணைத் திறந்து அவனையே பார்த்தது. அவன் கைகள் மட்டும் கீழே, இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தன.