ஒரே உயரத்தில் ஆறு கிட்டார்கள்

மழைக்கு இசைக்கருவிக் கடைக்குள் ஓடி வந்தவள் நேராக அவன் மேல் மோதினாள். அவன் கையிலிருந்த கிட்டார் பெட்டி சரிய, இருவரும் ஒரே நேரத்தில் தாங்கிப் பிடித்தார்கள். அவள் நிமிர்ந்து பார்த்தால்... அப்பப்பா, இவ்வளவு அழகான கண்களில் இவ்வளவு கோபமா?

மன்னிப்புக் கேட்க அவள் வாயெடுப்பதற்குள் கடைக்காரர் அறிமுகம் செய்து வைத்துக் காரியத்தைக் கெடுத்தார். விலை குறைந்த கிட்டார்களை ஒப்பிட்டு வீடியோ போடுகிறவள் இவள். போன வாரம் இதே கடையில் எடுத்துப் பார்த்த ஆறு கிட்டார்களில் இவள் ஆறாவது இடத்துக்குத் தள்ளியது, அவனும் அவன் அக்காவும் சின்னப் பட்டறையில் செய்கிற கிட்டாரை. 'விரல் வலிக்கும், வாங்காதீங்க' என்று சொல்லியிருந்தாள். அதைப் பார்த்துக் கடைகள் திருப்பிக் கொடுக்கும் கிட்டார்களை எடுத்துப்போகத்தான் அவன் வந்திருந்தான்.

"வலிக்கும்தான்," என்றான் அவன் நிதானமாக. "மத்த அஞ்சுக்கும் இங்கே கடையிலே, விரல் வலிக்காம இருக்கக் கம்பி உயரத்தை இறக்கி வெச்சிருந்தாங்க. எங்களுது மட்டும் பெட்டியிலேர்ந்து அப்படியே உங்க கைக்கு வந்திருக்கு."

அவள் கடைக்காரரைப் பார்த்தாள். அவர் தலையைச் சொறிந்தார். சொன்னதை இதுவரை மாற்றியதே இல்லை என்ற வீறாப்பை விழுங்கிவிட்டு, மேசையை ஒழித்துத் தரச் சொன்னாள்.

ஆறுக்கும் ஒரே கம்பி, ஒரே உயரம். அவள் சின்ன அளவுகோலை வைத்துச் சொல்லச் சொல்ல, கம்பியைத் தாங்கும் சின்னக் கட்டையை அவன் அரத்தால் தேய்த்து இறக்கினான். ஒரு மயிரிழை கூடினாலும் அவள் விடவில்லை. சரியான பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டான். அது பிடித்தும் இருந்தது. மழை விட்டதை இருவரும் கவனிக்கவில்லை.

பிறகு கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டாள். அவன் ஒவ்வொன்றாகக் கொடுக்க, ஒரே மெட்டை ஆறிலும் வாசித்தாள்.

"மூணாவதா கொடுத்தது... ரெண்டாவது இடம்."

அவன் முகம் மலர்ந்தது. அது அவனுடைய கிட்டார். அப்படியே வீடியோவில் போட்டுவிடச் சொன்னான்.

"போட முடியாது," என்றாள் அவள், கண்கட்டை அவிழ்த்துக்கொண்டே. "அதைக் கொடுக்கும்போது உங்க கை நடுங்குச்சு. உங்களுதுன்னு தெரிஞ்சுபோச்சு. முதல் இடம் கொடுக்கச் சொல்லி மனசு அடிச்சுக்குச்சு... பயந்துபோய் ஒரு படி இறக்கிட்டேன்."

போன வார ஒப்பீடு தன் தப்பு என்று இன்றைக்கே வீடியோவில் சொல்லப்போவதாகவும், மறு ஒப்பீட்டை வேறொருவர் செய்ய வேண்டும் என்றும் சொன்னாள்.

"ஏன், நீங்களே செய்யலாமே?"

"ஆளைப் பிடிச்சுப்போன பிறகு, அவர் கிட்டாருக்கு எப்படிங்க மார்க் போடுறது?"

கடைக்காரருக்கு உள்ளறையில் திடீரென்று வேலை வந்துவிட்டது.

"அந்த இன்னொருத்தரும் ஆறாவதுன்னு சொல்லிட்டா?" என்று அவன் மெல்லக் கேட்டான்.

"சொல்லட்டும். நல்லதா இன்னொண்ணு செய்யுங்க. அப்பவும் எனக்கு உங்களைத்தான் பிடிக்கும்."

அவன் கை மறுபடி நடுங்கியது. இந்த முறை அதில் கிட்டார் இல்லை. அவள் விரல்கள் இருந்தன.